டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது?

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் பேக்டரிகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கைமார்களை நினைத்து இதை எழுதுகிறேன். சம்பளம், ஓவர்டைம், பஸ் எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் சேர்ந்திருப்பீர்கள். பாகங்களைத் துடைக்கக் கொடுக்கும் டப்பாவில் என்ன ரசாயனம் இருக்கிறது என்று கேட்டீர்களா?

1972இல் இங்கே தடையற்ற வணிக மண்டலம் தொடங்கிய பிறகு எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு நிலையான மாதச் சம்பளம் அங்கிருந்துதான் வந்தது. என் பெரியம்மாவும் எண்பதுகளில் அப்படித்தான் போனார். உலோகப் பாகங்களை ஒரு திரவத்தில் முக்கி எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் வேலை. லேசாக இனிப்பு வாசம் அடிக்குமாம். மதியத்துக்குள் தலை கனத்துப் போகும், வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுவேன் என்பார். அது என்ன என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அந்த பேக்டரியை மூடிப் பல வருடம் கழித்து அவருக்குச் சிறுநீரகத்தில் கட்டி வந்தது. சர்க்கரை உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா என்றெல்லாம் டாக்டர்கள் கேட்டார்கள். என்ன வேலை செய்தீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

பிசுக்கு எடுக்க அந்தக் காலத்தில் உலகம் முழுக்கப் பயன்பட்ட கரைப்பான்களில் ஒன்று டிரைக்குளோரோஎத்திலீன். அதற்கும் இனிப்பு வாசம்தான். மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். தலைசுற்றலும் மயக்கமும் உடனே தெரியும். உடம்பு அதைச் சிதைக்கும்போது உண்டாகும் பொருள்கள் சிறுநீரகத்தைக் கெடுப்பது வெளியே தெரியாது. அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் முதல் பிரிவில் சேர்த்தது. அப்புறம், சிலருக்கு வேலையில் சேர்ந்த சில வாரங்களிலேயே காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, கல்லீரல் வீக்கம் எல்லாம் வரும். சீனாவிலும் தாய்லாந்திலும் இப்படி நடந்திருக்கிறது. பார்த்தால் மருந்து ஒவ்வாமை போலவே இருக்கும். வேலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் கிளினிக்கில் வேறு ஏதோ என்று நினைத்துவிடுவார்கள்.

பெரியம்மா கை வைத்தது இதுதானா? காட்டுவதற்கு ஒரு காகிதம்கூட மிஞ்சவில்லை.

இப்போது சட்டம் நம் பக்கம் இருக்கிறது. ஆபத்தான ரசாயனம் ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் வேலையிடத்தில் எடுத்துப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும், மலாயிலும் ஆங்கிலத்திலும். வேலையிட ரசாயனங்கள் பற்றிய 2000ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி காற்றை அளந்த பதிவுகளையும் மருத்துவக் கண்காணிப்புப் பதிவுகளையும் முதலாளி 30 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இந்த நோய்கள் அவ்வளவு தாமதமாக வரும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ உடனே சொல்லுங்கள், அந்த இடத்திலிருந்து மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கோவிட் காலத்து மாஸ்க் ஆவியைத் தடுக்காது. மெல்லிய ரப்பர் கையுறையிலும் பல கரைப்பான்கள் ஊடுருவிவிடும்.

டப்பாவில் உள்ள பெயரை எழுதி வையுங்கள். போனை உள்ளே விடமாட்டார்கள் என்றால் பெயரை மனதில் வைத்து ரெஸ்ட் டைமில் எழுதுங்கள். எந்த மாதம் எந்த லைனில் இருந்தீர்கள் என்பதையும் சேர்த்து, சம்பளச் சீட்டோடு வையுங்கள். உடம்புக்கு முடியாமல் கிளினிக்குக்குப் போனால் டாக்டர் கேட்காவிட்டாலும் அதை எடுத்துக் காட்டுங்கள். நாளைக்குத் தொழில் சார்ந்த நோய் என்று சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மனுப் போட வேண்டி வந்தால், அந்த பேக்டரி இருக்குமோ இருக்காதோ, அந்தத் தாள் உங்களிடம் இருக்கும்.