ரிப்போர்ட் நார்மல், பயம் மட்டும் நார்மல் இல்லை

எனக்கு மோட்டார் நியூரான் நோய், அதாவது தசைகளை இயக்கும் நரம்பு செத்து, தசை பலமிழந்து வற்றிப்போகிற நோய், வந்துவிட்டது என்று உறுதியாக நம்பிய காலம் ஒன்று உண்டு. என்னிடம் இருந்த ஆதாரம் ஒன்றே ஒன்றுதான்: இடது காலின் ஆடுசதை தானாகத் துடித்தது. வலி இல்லை, மரத்துப் போகவும் இல்லை. தோலுக்கு அடியில் சின்னதாக ஏதோ குதிக்கும், நிற்கும், கொஞ்ச நேரத்தில் இரண்டு விரற்கடை தள்ளி வேறு இடத்தில் குதிக்கும். லுங்கியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியும்.

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவன் நான். மார்ச் முடிவு வேலை, அதை விட்டால் மாதாமாதம் 11-ஆம் தேதி, 20-ஆம் தேதி என்று ஜி.எஸ்.டி. கெடு. ராத்திரி பதினொன்றுக்கும் காபி. தூக்கம் ஐந்து மணி நேரம் கிடைத்தால் பெரிது. தசை துடிப்பதற்கு இதெல்லாமே போதும் என்று பிறகு டாக்டர் சொன்னார். அன்றைக்கு எனக்குச் சொன்னது கூகுள். தசை தானாகத் துடிக்கிறது என்று தேடினால் இரண்டாவது, மூன்றாவது பதிலிலேயே மோட்டார் நியூரான் நோயில் ஒரு வகையான ஏ.எல்.எஸ். வந்து நிற்கும். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்த நோய். 1963-இல், 21 வயதில் கண்டுபிடித்தார்கள், 2018 வரை வாழ்ந்தார் என்பதை எல்லாம் நான் பார்க்கவில்லை. அந்தச் சக்கர நாற்காலி மட்டும்தான் கண்ணில் நின்றது.

தேடத் தேட நோய் ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. மோட்டார் நியூரான் நோயில் 'மெட்ராஸ்' என்ற பெயரிலேயே ஒரு வகை இருக்கிறது. 1970-இல் சென்னை நரம்பியல் மருத்துவர்கள் முதலில் விவரித்தது, மிக அரிது, பெரும்பாலும் தென்னிந்தியாவில், இளவயதினரிடம் பார்க்கப்பட்டது. ஏ.எல்.எஸ்.ஸைவிட மெதுவாகப் போகக்கூடியது என்றும் அதே பக்கத்தில் போட்டிருந்தது. நான் பிடித்துக்கொண்டது தென்னிந்தியா, இளவயது என்ற இரண்டை மட்டும். அதில் காது கேளாமையும் வரும் என்று படித்த அன்று முழுக்க இரண்டு காதுப் பக்கமும் விரலைச் சொடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சோதனைகள் தொடங்கின. குதிகாலை ஊன்றி ஹாலில் ஒரு நடை, முன்பாதத்தில் ஒரு நடை. சோடா பாட்டில் மூடியை இடது கையால் திறக்க முடிகிறதா என்று பார்ப்பது. மனைவியின் தையல் பெட்டியில் இருந்த இஞ்ச் டேப்பால் இரண்டு கெண்டைக்காலையும் அளப்பது. இரண்டுக்கும் அரை சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது. யாருக்குமே இரண்டு காலும் ஒரே அளவில் இருக்காது என்பது எனக்கும் தெரியும், ஆனாலும் அந்த அரை சென்டிமீட்டர் ஒரு ராத்திரித் தூக்கத்தைத் தின்றது. இதில் கடைசி கட்டம் நாக்கு. பாத்ரூம் கண்ணாடி முன் நாக்கை நீட்டி மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தால் லேசாக நடுங்கியது. வெளியே நீட்டிய நாக்கு யாருக்கும் நடுங்கும், அதனால்தான் டாக்டர்கள் நாக்கை வாய்க்குள் தளர்வாக வைக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். அது தெரியாமல் அன்று வேலைக்கு லீவு போட்டேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா பஞ்சாங்கத்தை எடுத்தார். பல்லி விழும் பலன் மாதிரி அங்கம் துடிக்கும் பலனும் அதில் போட்டிருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஆகாது சாமி" என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டு அடுப்பில் கொட்டினார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் பின்னாளில் யோசித்தால், அம்மாவின் வைத்தியம் ஒருமுறை செய்தால் முடிந்துபோகிற ஒன்று. அவர் அதோடு தூங்கப் போய்விட்டார். நான் செய்துகொண்டிருந்த வைத்தியத்துக்கு முடிவே கிடையாது.

முதலில் பார்த்த பொது மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு, கால்சியம், மெக்னீசியம், பி12, வைட்டமின் டி, தசை பாதித்தால் கூடும் சி.கே. என்ற நொதி. வைட்டமின் டி மட்டும் குறைவு. "ஒண்ணுமில்ல, சும்மா மனசுதான்" என்று சொல்லி நரம்பு ஊசி போட்டு அனுப்பினார். இந்த 'ஒண்ணுமில்ல'வைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. கண்ணெதிரே சதை துடிக்கிறது. அதைப் பார்த்து ஒன்றுமில்லை என்றால், இவர் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் பயந்தவனுக்குத் தோன்றும்.

கோயம்புத்தூரில் பார்த்த நரம்பியல் மருத்துவர் வேறு மாதிரி. அவர் முதலில் என் ஆடுசதையை ஒரு நிமிடம் சும்மா பார்த்தார். "ஆமா, துடிக்குது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்குப் பாதி உயிர் வந்தது. பிறகு சுத்தியலால் முட்டி, கணுக்கால், முழங்கை என்று தட்டினார். உள்ளங்காலில் சாவி நுனியால் கோடு இழுத்து, பெருவிரல் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். கையைத் தள்ளு, காலை இழு என்று ஒவ்வொரு தசையோடும் மல்லுக்கட்டினார். கடைசியில் சொன்னது: "துடிப்பு எனக்கு முக்கியமில்லைங்க. பலம் இருக்கா, சதை கரையுதா, ரிஃப்ளெக்ஸ் மாறுதா, இது மூணுதான். கால் பலவீனமா இருக்கற மாதிரி தோணறது வேற, மாடிப்படி ஏற முடியாம போறது வேற."

எனக்குத் தோன்றியதெல்லாம் முதல் வகை. ஆனாலும் என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, நரம்பும் தசையும் எப்படி வேலை செய்கின்றன என்று மின்சாரத்தை வைத்துப் பார்க்கும் இ.எம்.ஜி. சோதனை எடுக்க எழுதினார்.

இதற்குப் பயப்படுகிறவர்கள் நிறைய இருப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் நரம்புக் கடத்தல் சோதனை. கால் தோலில் பட்டைகளை ஒட்டி மின் அதிர்வு கொடுப்பார்கள். பாதம் நம்மைக் கேட்காமல் உதறும், சுளீர் என்று இருக்கும், அவ்வளவுதான். அப்புறம் மெல்லிய ஊசியைத் தசைக்குள் இறக்குவார்கள். அதில் மருந்து எதுவும் கிடையாது, தசையின் மின் அசைவைப் பிடிப்பதுதான் அதன் வேலை. அது திரையில் கோடாகவும் ஸ்பீக்கரில் சத்தமாகவும் வரும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசையில் ஊசி இருக்கும்போது பாதத்தை மேலே இழுக்கச் சொன்னார்கள். தகரக் கொட்டகையில் மழை இறங்குகிற சத்தம். தளர்த்தச் சொன்னதும் சுத்தமான அமைதி. ஆடுசதைக்கு ஊசியை மாற்றியபின், அந்த அமைதிக்கு நடுவே ஒரே ஒரு 'டொக்'. "இதுதானே உங்க ஆளு?" என்று டாக்டர் சிரித்தார்.

மோட்டார் நரம்பு செத்துக்கொண்டு வந்தால், அதன் பிடி விட்டுப்போன தசை நார்கள் ஓய்வில் இருக்கும்போதும் தாமாகச் சத்தம் போட்டுக்கொண்டே இருக்குமாம். பக்கத்து நரம்புகள் அந்த அநாதை நார்களையும் சேர்த்து இழுக்க ஆரம்பிப்பதால், திரையில் வரும் அலைகளும் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்குமாம். என்னிடம் இரண்டுமே இல்லை. வெறும் டொக். ஆபத்தில்லாத தசைத் துடிப்பு, காரணம் குறிப்பாகச் சொல்ல முடியாது, காபியைக் குறையுங்கள், தூங்குங்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை 1993-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றியும் சொன்னார். இதே மாதிரி வெறும் துடிப்போடு வந்த 121 பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில் ஒருவருக்குக்கூட அந்த நோய் வரவில்லை.

அன்று ராத்திரி வீட்டில் பிரியாணி. நிம்மதி அந்த வாரக் கடைசிவரைகூடத் தாங்கவில்லை. நான் 122-வது ஆளாக இருந்தால்? ஊசி போட்ட இடத்தில் இன்னும் நோய் வராமல், போடாத இடத்தில் வந்திருந்தால்? துடிப்பு இப்போது புருவத்துக்கும் தோளுக்கும் வேறு வந்துவிட்டதே? ஒவ்வொரு பரிசோதனை முடிவும் முந்தையதைவிடக் குறைந்த நாள்தான் தெம்பு கொடுத்தது. பெங்களூரு போய் நரம்பியலுக்கும் மனநலத்துக்கும் பேர்போன நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிடலாம் என்று ரயில் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவிதான் சொன்னார்: "ஏங்க, அங்க போயிட்டு வந்தா அடுத்து எங்க?" பதில் சொல்ல முடியவில்லை.

அவர் பள்ளிக்கூட டீச்சர். பக்கத்து வகுப்பு டீச்சர் மூலமாக ஓர் உளவியல் ஆலோசகரைக் கண்டுபிடித்தார். எனக்கு இஷ்டமே இல்லை. துடிப்பது கால், மனநல ஆளிடம் எதற்குப் போக வேண்டும் என்ற எண்ணம். அவரிடம் அதையே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "உங்க துடிப்பு நிஜம்தான். அதுக்கு நான் வைத்தியம் பண்ணப் போறதில்ல. நீங்க ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் அதோட செலவு பண்றீங்கன்னு மட்டும் பார்க்கலாம்" என்றார். சேர்த்துப் பார்த்தால் தேடல், அளவு, நடை, மனைவியிடம் கேட்பது எல்லாமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் வந்தது.

ஒரு சின்னச் சோதனை செய்யச் சொன்னார். கண்ணை மூடி ஐந்து நிமிடம் இடது உள்ளங்கையை மட்டும் கவனிக்க வேண்டும். இரண்டாவது நிமிடத்தில் அங்கே குறுகுறுப்பு, அப்புறம் சூடு, விரல் நுனியில் நாடித் துடிப்பு. கையில் ஒரு கோளாறும் கிடையாது, கவனம் போனதால் வந்தது. நான் மாதக்கணக்காக ஆடுசதைக்குச் செய்துகொண்டிருந்தது இதைத்தான். போதாக்குறைக்குப் பயந்தால் அட்ரினலின் கூடும், தூக்கம் கெடும், இரண்டும் தசையை இன்னும் துடிக்க வைக்கும்.

இப்படி நோய் இருக்கிறது என்றே பயந்துகொண்டிருப்பதற்கு ஹைப்போகாண்ட்ரியா என்று முன்பு ஒரு பெயர் இருந்தது. கேலிச் சொல்லாகவே ஆகிவிட்டதால் 2013-இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது நோய்ப் பதற்றம் என்கிறார்கள். எனக்கு எந்தப் பெயர் என்றாலும் சரி, சிகிச்சை பலித்தது.

சிகிச்சை கேட்பதற்கு எளிதாக இருக்கும், செய்வது கடினம். சோதித்துப் பார்க்கத் தோன்றினால் 'கூடாது' என்று தடுக்க வேண்டாம், கால் மணி நேரம் தள்ளிப்போடு. முடிந்தால் ஒரு மணி நேரம். இஞ்ச் டேப் மாமியார் வீட்டுக்குப் போனது. கவலைப்படுவதற்கு என்று மாலை ஏழிலிருந்து இருபது நிமிடம் ஒதுக்கு, மற்ற நேரத்தில் வரும் கவலையைத் துண்டுச் சீட்டில் எழுதி அங்கே அனுப்பு. ஏழு மணிக்குச் சீட்டை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் சப்பென்று இருக்கும். எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது இன்னொன்று. அந்த நோயைப் பற்றிய ஒரு பக்கத்தை வேண்டுமென்றே படித்துவிட்டு, காலைப் பார்க்காமல், யாரையும் கேட்காமல் அப்படியே உட்கார வேண்டும். முதல் தடவை வியர்த்துக் கொட்டி சட்டை நனைந்துவிட்டது. பதற்றம் ஏறி, ஓர் உச்சத்தில் நின்று, யாரும் ஒன்றும் செய்யாமலே தானாக இறங்கியது. அது தானாக இறங்கும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. அதுவரை ஒருமுறைகூட அதை இறங்கவிட்டதில்லையே.

வீட்டுக்கும் ஒரு பாடம் இருந்தது. "எனக்கு ஒண்ணும் இருக்காதுல்ல?" என்று நான் கேட்டால் மனைவி, "இதுக்கு நான் பதில் சொல்றதில்லன்னு பேசி வச்சிருக்கோம். டீ போடட்டுமா?" என்று கேட்க வேண்டும். ஆரம்பத்தில் இதற்காகச் சண்டையே போட்டிருக்கிறேன். ஈவிரக்கம் இல்லாதவள் என்றுகூடத் திட்டினேன். அவர் டீ போட்டுக் கொடுத்தார். 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்ற நிலையில் பிழைக்கப் பழகுவதுதான் மொத்தச் சிகிச்சையுமே. நூறு சதவீத உறுதி எந்த ஸ்கேனிலும் கிடைக்காது.

தூக்கம் மட்டும் திரும்பவே இல்லை என்பதால் மனநல மருத்துவர் பதற்றத்தைக் குறைக்கும் செர்ட்ராலின் மாத்திரையும் கொடுத்தார். முதலில் கொஞ்ச நாள் வயிறு கலக்கியது, பலன் தெரியச் சில வாரம் பிடித்தது. பிறகு அவரே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். நாமாக நிறுத்தக் கூடாது.

துடிப்பு இன்னும் இருக்கிறது. 20-ஆம் தேதி நெருங்கினால் கூடும். எப்போது திரும்பக் காட்ட வேண்டும் என்று நரம்பியல் மருத்துவரிடமே எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்: செருப்பு நழுவுவது, பாதம் தடுக்குவது, பட்டன் போட முடியாமல் போவது, பேச்சு குழறுவது, விழுங்கும்போது புரையேறுவது, சதை கண்ணுக்குத் தெரிந்து வற்றுவது. இதில் ஏதாவது வந்து நீடித்தால் உடனே போவேன். வெறும் துடிப்புக்குப் போக மாட்டேன். வேறு புது உபாதை வந்தால் எல்லோரையும்போல ஒரு டாக்டரிடம் ஒருமுறை காட்டுவேன்.

தனியாரில் ஆலோசனைக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள், கட்டணம் கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்குக் கூகுளைத் திறக்கத் தோன்றினால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 இருக்கிறது. மத்திய அரசு 2022-இல் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். அரசு மருத்துவமனை என்றால் புறநோயாளிச் சீட்டு காலையிலேயே போட்டுவிடுங்கள், கூட்டம் இருக்கும். பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் அதே ரத்தப் பரிசோதனைகளை மறுபடி முதலிலிருந்து எழுதுவார்கள்.