மதிப்பீட்டாளர் இல்லாத இடத்துக்கு ஒரு கட்டுரையைத் தயார்செய்த அனுபவம்

சிங்கப்பூரில் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும்போது அந்தப் பேச்சை எழுத்தாக்கும் கணினி எங்கெங்கே இடறுகிறது என்பதே என் பகுதிநேர முதுநிலைப் படிப்பின் ஆய்வுப் பொருள். ஆய்வேட்டை ஒப்படைத்த பிறகு அதன் ஓர் அத்தியாயத்தைக் கட்டுரையாகச் சுருக்கி, ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் வெளியிடும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் முன்னச்சாக, அதாவது ஆய்விதழின் மதிப்பீட்டுக்கு முன்பே வெளியிடும் வடிவில், ஏற்றினேன். அந்த ஆறு வாரங்களில் கற்றுக்கொண்டதை, முதன்முறையாக அதே வேலையில் இறங்கும் மாணவர்களுக்காக எழுதுகிறேன்.

பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் 1991இல் தொடங்கி, 2001இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு மாறிய அந்தத் தளத்தில், கட்டுரையைத் துறை வல்லுநர்கள் வரிவரியாக மதிப்பிடுவதில்லை. அது ஆய்வுக் கட்டுரைதானா, சரியான பிரிவில் வந்திருக்கிறதா என்பன போன்றவற்றை மட்டுறுத்துநர்கள் பார்ப்பார்கள். புதியவரானால் அத்துறையில் ஏற்கெனவே எழுதியிருக்கும் ஒருவருடைய பரிந்துரையும் தேவைப்படலாம். எனக்கு என் மேற்பார்வையாளர் பரிந்துரை தந்தார். இதை வீட்டில் விளக்கியபோது அப்பா, “அப்படியென்றால் தப்பிருந்தால் யாரப்பா திருத்துவார்கள்?” என்று கேட்டார். யாரும் திருத்த மாட்டார்கள் என்பதுதான் விடை. அந்த விடையை வைத்துத்தான் என் தயாரிப்பு முழுவதையும் அமைத்துக்கொண்டேன்.

ஏற்றுவதற்கு முன்பே மூன்று பேரைப் படிக்கச் சொன்னேன். வாதம் நிற்கிறதா என்று மேற்பார்வையாளர் பார்த்தார். எண்களை ஆய்வுக்கூடத்தில் எனக்கு மூத்தவரான ஓர் அக்கா பார்த்தார். தமிழ் எடுத்துக்காட்டுகளை, கணினித்துறையோடு எந்தத் தொடர்பும் இல்லாத, உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியரிடம் கொடுத்தேன். மூவரும் மூன்று விதமான பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். அக்கா ஒவ்வோர் எண்ணையும் சுட்டிக்காட்டி, “இது எந்தக் கோப்பிலிருந்து வந்தது, காட்டு” என்று கேட்டுக்கொண்டே வந்தார். இரண்டாம் அட்டவணையில் இருந்த ஒரு சொற்பிழை விகிதம் (கணினி தவறாக எழுத்தாக்கிய சொற்களின் அளவு), நான் பின்னர் கைவிட்ட பழைய சோதனையின் முடிவு என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆசிரியரோ வரைபடத்தின் அடியில் இருந்த ‘தேக்கா’ என்ற சொல்லில் விரலை வைத்தார். வரைபடத்தை உருவாக்கிய மென்பொருள் ஏகாரக் கொம்பைத் தகரத்துக்குப் பின்னால் தள்ளியிருந்தது. நூறு முறை அந்தப் படத்தைப் பார்த்திருந்தும் என் கண்ணில் படவில்லை. தமிழ் எழுத்துகள் உள்ள படங்களைத் தமிழ் படிக்கத் தெரிந்த, ஆனால் உங்கள் ஆய்வைப் பற்றி அறியாத ஒருவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது மூலக்கோப்பைப் பற்றியது. லேடெக் (LaTeX) என்ற, ஆய்வுக் கட்டுரைகளை வடிவமைக்கும் மென்பொருளில் எழுதிய கட்டுரையானால் பிடிஎஃப் மட்டும் போதாது. பிடிஎஃபை உருவாக்க நாம் தட்டச்சு செய்த மூலக்கோப்புகளையே அந்தத் தளத்துக்குக் கொடுக்க வேண்டும். கட்டுரை வெளியானதும் அந்த மூலக்கோப்புகளை யார் வேண்டுமானாலும் தரவிறக்கிக்கொள்ளலாம் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது. லேடெக்கில் ஒரு வரியின் முன்னால் சதவீதக் குறியைப் போட்டுவிட்டால் அந்த வரி பிடிஎஃபில் வராது. ஆனால் மூலக்கோப்பில் அப்படியே இருக்கும். என் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் ஒன்றில், பேசிய பாட்டி தம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் புளோக் எண்ணையும் மாடியையும் சொல்லியிருந்தார். அது அவரை அடையாளம் காட்டிவிடும் என்பதால் அந்த வரியை நீக்க முடிவெடுத்து, அவசரத்தில் சதவீதக் குறியை மட்டும் போட்டு வைத்திருந்தேன். ஏற்றுவதற்கு முந்தைய நாள் மாலை கோப்புறையைத் திறந்து பார்த்த அக்கா, “தம்பி, இந்தப் பாட்டி இன்னும் இங்கேதான் இருக்கிறார்” என்றார். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. வெளியான பிறகு தெரிந்திருந்தால் செய்வதற்கு அதிகம் இல்லை. புதிய பதிப்பை ஏற்றினாலும், கட்டுரையை மீட்டுக்கொள்வதாக அறிவித்தாலும், முதற்பதிப்பு தளத்தில் இருந்துகொண்டேதான் இருக்கும்.

ஆகவே சதவீதக் குறியிட்ட வரிகளையும், பயன்படுத்தாத படங்களையும், மேற்பார்வையாளரோடு நடத்திய குறிப்புப் பரிமாற்றங்களையும் அடியோடு அழித்துவிட்டு, அந்தத் தூய நகலை மட்டும் ஏற்றுங்கள். இதற்கென்றே ஆர்க்கைவ் லேடெக் கிளீனர் என்ற இலவச நிரல் இருக்கிறது. அதை ஓட்டிய பிறகும் ஒருமுறை கண்ணால் படித்துவிடுவது நல்லது.

இதோடு சேர்ந்தது சம்மதம். நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012 முதல் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் தந்திருக்கும். ஆனால் ஒலிப்பதிவுக்குச் சம்மதித்த ஒருவர், தாம் பேசியதன் எழுத்து வடிவம் உலகமே பார்க்கும் இடத்தில் நிலையாக இருப்பதற்கும் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. படிவத்தில் அந்த வாக்கியம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மறுபடியும் போய்க் கேளுங்கள். நான் நான்கு பேரிடம் மறுபடியும் போய்க் கேட்டேன். ஒருவர் வேண்டாம் என்றார், அவருடைய வாக்கியங்களை எடுத்துவிட்டேன்.

இணையாசிரியர்கள் அனைவரும் இறுதி வடிவத்தைப் படித்து, எழுத்துமூலமாகச் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். உரிமத்தைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் நிதானியுங்கள். ஒரு பதிப்புக்குக் கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. பின்னர் ஆய்விதழுக்கோ மாநாட்டுக்கோ அனுப்பும் எண்ணம் இருந்தால் அவர்களுடைய விதியை முன்கூட்டியே படித்துவிடுங்கள், பழைய மாணவர் சொன்னதை நம்பி இருந்துவிடாதீர்கள். கணினி மொழியியல் மாநாடுகளை நடத்தும் ஏசிஎல் அமைப்பு, கட்டுரையை மாநாட்டுக்கு அனுப்புவதற்கு முந்தைய ஒரு மாதத்தில் முன்னச்சாக வெளியிடக் கூடாது என்று வைத்திருந்த விதியை 2024இல் கைவிட்டது. எனக்கு ஆலோசனை சொன்ன இருவர் அந்தப் பழைய விதியைத்தான் சொன்னார்கள். தளத்தில் கட்டுரையின் சுருக்கத்துக்கு 1,920 எழுத்துக்குறிகள்தான் இடம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரப்படி வேலைநாட்களில் பிற்பகல் 2 மணிக்கு, அன்று ஏற்கப்பட்ட கட்டுரைகளின் வரிசையைத் தளம் மூடிவிடும். நமக்கு அது நள்ளிரவு தாண்டி 2 மணி, அவர்களுடைய குளிர்காலத்தில் 3 மணி. பலர் அதற்காகக் கண்விழிக்கிறார்கள். தேவையில்லை. நான் காலையில் ஏற்றிவிட்டு, தளம் உருவாக்கித் தந்த பிடிஎஃபை அச்செடுத்து, வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் திரும்பும்போது பேனாவோடு படித்தேன். வரிசை மூடும்வரை கட்டுரையைத் திரும்ப எடுத்துத் திருத்த முடியும் என்பதால், அன்றிரவே இரண்டு இடங்களைச் சரிசெய்தேன்.

வெளியான பின்னர் தன்விவரத்தில் அதை ‘முன்னச்சு’ என்றே எழுதுங்கள். ஆய்விதழ்க் கட்டுரைகளின் பட்டியலில் கலந்துவிடாதீர்கள். அப்படி எழுதுவதில் குறைவு ஏதுமில்லை. புவாங்காரே கருதுகோள் என்ற புகழ்பெற்ற கணிதப் புதிரை நிறுவிய கட்டுரைகளை ரஷ்யக் கணிதவியலாளர் கிரிகோரி பெரெல்மான் 2002, 2003ஆம் ஆண்டுகளில் இதே தளத்தில்தான் ஏற்றினார். கணிதவியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அவற்றைச் சரிபார்த்தார்கள். என் கட்டுரைக்கு அவ்வளவு வாசகர்கள் இல்லை. ஆனால் மூன்றாவது வாரம், மலேசியாவில் ஆய்வு செய்யும் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பி, நான் ஆங்கிலச் சொல் என்று குறித்திருந்த இரண்டு சொற்கள் மலாய்ச் சொற்கள் என்று சுட்டிக்காட்டினார். அவர் சொன்னது சரி. இரண்டாம் பதிப்பை ஏற்றி, எந்த அட்டவணையில் எது மாறியது என்பதைக் குறிப்புப் பகுதியில் எழுதி, நன்றியுரையில் பெயரைச் சேர்க்கலாமா என்று அவரிடம் கேட்டுச் சேர்த்தேன்.