வேப்பங்கிளையில் ஒரு கரண்டி

ஜூன் 2, ஞாயிறு
மின்கம்பியில் உரசுகிறது என்று தெருமுனை வேப்பமரத்தைக் கழித்துப் போட்டிருந்தார்கள். மணிக்கட்டுப் பருமனில் ஒரு கிளையை வீட்டுக்குத் தூக்கி வந்து அரிவாளால் நடுவில் பிளந்தேன். மரம் செதுக்கிப் பழக ரொம்ப நாள் ஆசை. முதல் வேலை, அம்மாவின் ஊறுகாய் ஜாடிக்கு ஒரு மரக்கரண்டி.

ஜூன் 5, புதன்
கத்தி மழுங்கல். அழுத்தி இழுத்தபோது வழுக்கி இடது கட்டைவிரலில் ஏறிவிட்டது. காயம் ஆழமில்லை. இரவு உட்கார்ந்து சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பழைய தோல் பெல்ட்டில் தீட்டினேன். இப்போது செய்தித்தாளின் ஓரத்தைப் பிசிறில்லாமல் அறுக்கிறது. கட்டைவிரலுக்கு சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை மாட்டிக்கொண்டேன்.

ஜூன் 9, ஞாயிறு
கைப்பிடி சேரும் கழுத்து வளைவில் மூன்று நாளாகச் சிராய் சிராயாகப் பெயர்ந்து வந்தது. பக்கத்துத் தெரு ஆசாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். “பள்ளத்தோட அடி வரைக்கும் சீவுங்க தம்பி, அதைத் தாண்டி மேல ஏறாதீங்க. திருப்பிப் பிடிச்சு அந்தப் பக்கத்துலேருந்து இறங்குங்க” என்றார். அங்கேயே உட்கார்ந்து செய்து பார்த்தேன். இரண்டு பக்கத்திலிருந்தும் இறங்கி அடியில் சந்தித்தால் நார் கிளம்பவே இல்லை. சீவல் சுருண்டு மடியில் விழுந்தது, மரம் நகம்போல வழவழவென்று நின்றது. அந்த ஒரு சுருளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

அடுத்து எந்த மரம் எடுக்கலாம் என்று கேட்டேன். தம்மம்பட்டியில் சாமி சிலை செதுக்கும் தூங்குமூஞ்சி வாகையைச் சொன்னார்.

ஜூன் 13, வியாழன்
கரண்டியின் நுனியில் வெடிப்பு. ஃபேனுக்கு அடியில் வைத்தது தப்பு. ஈர மரம் வேகமாகக் காய்ந்தால் பிளந்துவிடும். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. மிச்சமிருந்த பாதியில் மறுபடி ஆரம்பித்தேன்.

ஜூன் 22, சனி
இரண்டாவது கரண்டியை அதன் சீவலோடு சேர்த்துக் காகிதப் பைக்குள் வைத்து மெதுவாகக் காயவிட்டிருந்தேன். வெடிக்கவில்லை. குழி அவ்வளவு ஆழமில்லை, நேர்க்கத்தியால் அவ்வளவுதான் குடைய முடிந்தது. தேங்காய் எண்ணெய் தடவியதும் வெளிர்மரம் தேன் நிறத்துக்கு மாறியது. அம்மா வாங்கி முகர்ந்து பார்த்தார். “கசக்காதாடா?” என்று கேட்டுக்கொண்டே மாவடு ஜாடிக்குள் விட்டு, ஒரு வடுவைக் கரண்டியில் ஏந்தி என் தட்டில் வைத்தார்.