65க்கு மேல்

மார்ச் 3

அப்பாவின் கை நல்ல சூடாக இருந்தது. தேறுகிறார் என்று நினைத்து அரை மணி நேரம் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் டாக்டர் சொன்னார், அந்தச் சூடுதான் கவலையாம். கிருமித் தொற்றால் நுண்தமனிகள், அதாவது மிகச் சிறிய ரத்தக்குழாய்கள், எல்லாம் தளர்ந்து திறந்து கிடக்கின்றன. ரத்தம் தோலுக்கு வந்து தேங்குகிறது, சிறுநீரகத்துக்குப் போதவில்லை.

மார்ச் 4

பிரஷர் 58.

மார்ச் 4, இரவு

20 வருடமாக இந்த எண்ணைக் குறைக்கத்தான் மாத்திரை போட்டார். ஒரு நாள் மறந்தாலும் நான் சண்டை போடுவேன். இப்போது சராசரி அழுத்தம் 65க்கு மேல் நின்றால் போதும் என்கிறார்கள். அதற்காகக் கழுத்தில் போட்ட குழாய் வழியாக ரத்தக்குழாய்களை இறுக்கும் மருந்தான நார்அட்ரினலின் போய்க்கொண்டிருக்கிறது.

பிரஷர் என்றால் இதயத்தின் வேலை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இதயம் தள்ளுகிறது, சரி. எதிர்த்து நிற்பவை பெரும்பாலும் தலைமுடியைவிட மெல்லிய இந்த நுண்தமனிகள். அவற்றின் ஆரம் பாதியாகச் சுருங்கினால் எதிர்ப்பு 2 மடங்கு இல்லை, 16 மடங்கு. விரிந்தால் அதே வேகத்தில் சரிவு. அப்பா அந்தச் சரிவில் இருக்கிறார்.

மார்ச் 5

காலை 61. மதியம் 63. அம்மாவிடம் "பரவாயில்லை" என்றேன்.

மார்ச் 6

வராந்தாவில் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருக்கிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ரத்தக்குழாயின் உள்சுவரில் ஒரே ஒரு அடுக்கு செல்கள். ரத்தம் உரசிப் போவதை அவை உணர்கின்றன. உடனே ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வாயுவைச் செய்து பக்கத்துத் தசைக்கு அனுப்புகின்றன. தசை தளர்கிறது. சில வினாடியில் அந்த வாயு காணாமல் போய்விடுகிறது. ஃபர்ச்காட் என்ற விஞ்ஞானி 1980இல் முயலின் தமனித் துண்டுகளில் இதன் தடயத்தைப் பிடித்தார். உள்சுவரைத் தேய்த்து எடுத்துவிட்டால் தளரவைக்கும் அசிட்டைல்கோலினை ஊற்றினாலும் துண்டு தளரவில்லை. ஒரு வாயுதான் அந்தச் செய்தியைக் கொண்டுபோகிறது என்று புரிய இன்னும் ஏழெட்டு வருடம் ஆனது.

தசைக்குப் போகும் வாசலில் ஒரு காவலும் இருக்கிறது. ஹீமோகுளோபினின் ஆல்ஃபா பகுதி சுவர் செல்களுக்குள்ளேயே இருப்பதை 2012இல் காட்டினார்கள். அதன் இரும்பு ஒரு நிலையில் இருந்தால் வாயுவைப் பிடித்து அழித்துவிடும்; ஒரு எலக்ட்ரானை இழந்த நிலையில் இருந்தால் கடந்துபோக விடும். இவ்வளவு நுணுக்கமாக, ஒவ்வொரு வினாடியும், 74 வருடம் அப்பாவுக்குள் நடந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கிருமி உள்ளே வந்ததும் அதே வாயுவைச் செய்யும் வேறொரு நொதி விழித்துக்கொள்கிறது. அது எந்தச் சைகைக்கும் காத்திருப்பதில்லை. மணிக்கணக்கில், நாள்கணக்கில் செய்துகொண்டே இருக்கும்.

மார்ச் 7

"அப்போ அந்த வாயுவையே நிறுத்த மருந்து இல்லையா டாக்டர்?" என்று கேட்டேன். பொறுமையாகப் பதில் சொன்னார். முயன்று பார்த்திருக்கிறார்கள். பிரஷர் ஏறியது, ஆனால் மருந்து கொடுத்தவர்களில் அதிகம் பேர் இறந்தார்கள். ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். தேவையான இடத்திலும் சேர்த்து அடைத்துவிட்டால் உறுப்புகளுக்கு ரத்தம் எப்படிப் போகும்? கேட்டிருக்கக் கூடாது. இரவெல்லாம் அதுதான் ஓடியது.

மார்ச் 8

குழாய்களை இறுக்க வாசோப்ரெசின் என்ற இன்னொரு மருந்தும் சேர்த்திருக்கிறார்கள். 66.

கை சில்லென்று இருக்கிறது.

மார்ச் 9

சூடாக இருந்தபோது பயந்தேன், இப்போது குளிர்ச்சிக்குப் பயப்படுகிறேன். மருந்து விரல்களின் குழாய்களையும் சேர்த்து இறுக்குகிறது. இடது சுண்டுவிரல் நுனி லேசாக நீலம். சிஸ்டர் நகத்தை அழுத்திவிட்டு எண்ணக் கற்றுக்கொடுத்தார்: நிறம் 3 வினாடிக்குள் திரும்ப வேண்டும். 6 ஆனது. மறுபடி எண்ணினேன். 6.

மார்ச் 10

6. 5. 5.

மார்ச் 11

மருந்து பம்ப் 12இல் இருந்தது, 9 ஆக்கினார்கள். 68இல் நிற்கிறது! இரவில் சிறுநீர் மணிக்கு 40 மில்லி. அம்மாவுக்கு முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 12

பம்ப் 4. எண்ணிக்கொண்டிருந்தபோது அப்பா கண் திறந்தார். "நகத்தை ஏம்மா அமுக்குற?" என்றார். குரல் காற்றாக இருந்தது. பதில் சொல்ல வரவில்லை.

2 வினாடி. இடது சுண்டுவிரல் மட்டும் இன்னும் 5.