சாய்ந்த சதுரம்

இன்று கரும்பலகைப் பக்கமே போகவில்லை. மருந்து நீக்கிய தீக்குச்சிகளையும், அவற்றை மூலைகளில் இணைக்க நறுக்கிய சைக்கிள் வால்வு டியூபையும் கொடுத்து, முக்கோணமும் சதுரமும் செய்யச் சொன்னேன்.

ஒரு சிறுமி சதுரத்தின் மூலையை விரலால் தள்ளினாள். அது சரிந்து சாய்சதுரமாகிவிட்டது. முக்கோணமோ எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை. "இது மட்டும் ஏன் டீச்சர் பிடிவாதம் பிடிக்கிறது?" என்றாள். எத்தனை அழகான கேள்வி!

பதில் சொல்லாமல் இன்னொரு தீக்குச்சியை நீட்டினேன். சதுரத்தின் குறுக்கே வைத்துப் பார்த்தாள், எட்டவில்லை. மூலைவிட்டம் பக்கத்தைப்போல் ஏறத்தாழ 1.41 மடங்கு நீளம் என்று நான் சொல்லவே இல்லை. நீளமான குச்சியொன்றைத் தேடி, அளந்து, ஒடித்து, அவளே பொருத்தினாள். சதுரம் அசையாமல் நின்றது. "உள்ளே இரண்டு முக்கோணம் டீச்சர்!"

நாளை ஐங்கோணம். அதை அசையாமல் நிறுத்த எத்தனை குறுக்குக் குச்சி வேண்டும் என்று இப்போதே சண்டை போடுகிறார்கள்.