கோலாலம்பூரிலிருந்து மலையகப் பள்ளிகளுக்குப் புத்தகம் அனுப்புவது எப்படி?

பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் வாட்ஸ்அப் குழுக்களில் "இலங்கைத் தோட்டப் பள்ளிகளுக்குப் புத்தகம் தேவை" என்று போட்டால் ஒரே வாரத்தில் வீட்டுக் கூடம் நிரம்பிவிடும். ஆகவே அதைக் கடைசியில் செய்யுங்கள். முதலில், கொழும்பில் சரக்கைத் தன் பெயரில் எடுக்க ஆள் வேண்டும். மலையகத்து ஹட்டன் பக்கத்துப் பள்ளி அதிபர் வகுப்பை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் நிற்க முடியாது. நாங்கள் அங்கே பதிவுபெற்ற அறநிறுவனம் ஒன்றைப் பெறுநராகப் போட்டு, பள்ளியிடம் கோரிக்கைக் கடிதம் மட்டும் வாங்குகிறோம். கடிதத்திலும் பில் ஆஃப் லேடிங்கிலும் (கப்பலில் ஏற்றிய சரக்குக்குத் தரும் ரசீது) பெறுநர் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஓர் இனிஷியல் மாறினாலும் திருத்தக் கட்டணம். திருத்தி முடியும்வரை கிடங்கு வாடகை வேறு.

அடுத்து, தரம் பிரிப்பது. நம் தமிழ்ப்பள்ளிப் பாடநூல்கள் வேண்டவே வேண்டாம். அங்கே பாடத்திட்டம் வேறு, பாடநூலை அரசே இலவசமாகக் கொடுக்கிறது. ரிங்கிட், சென் கணக்கை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கதை நூல், அகராதி, எளிய ஆங்கிலப் படநூல் போதும். ஒரே நூலில் ஐந்தாறு பிரதி கிடைத்தால் விடாதீர்கள். குழுவாக வாசிக்க உதவும். ஒவ்வொன்றையும் நடுவில் விரித்து மோந்து பாருங்கள். பூசண வாடை அடித்தால், தையலோரம் வெள்ளிப்பூச்சி ஓடினால், தயங்காமல் ஒதுக்குங்கள். கொடுத்தவர் மனம் நோகுமே என்று சேர்த்துவிட்டால் பெட்டி முழுக்கப் பாழாகும்.

பயிற்சிப் புத்தகம், பென்சில், பள்ளிப்பை ஆகியவற்றுக்குப் பணமாக அனுப்பி அங்கேயே வாங்கச் சொல்வதுதான் சரி. தாள் கனம்: சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள ஏ4 தாள், 500 கொண்ட ஒரு கட்டே இரண்டரைக் கிலோ. கோடு, பக்க அளவு எல்லாம் அந்த ஊர் ஆசிரியர் கேட்கிறபடி கிடைக்கும். சுங்கத்தில் புத்தகத்துக்கு ஒரு விதி, பைக்கு ஒரு விதி என்ற குழப்பமும் இல்லை.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பும்போது ஒரு கன மீட்டருக்கு இவ்வளவு அல்லது ஆயிரம் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, எது அதிகம் வருகிறதோ அதுவே கட்டணம். புத்தகப் பெட்டிகளில் கன அளவுதான் முந்தும், அதனால் பெட்டியில் இடைவெளி விட்டால் காற்றுக்கும் காசு. 45×30×30 சென்டிமீட்டர், ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி எடுங்கள். 24 பெட்டி ஏறக்குறைய ஒரு கன மீட்டர். பெட்டிக்கு 18 கிலோவுக்குமேல் போனால் இறக்குபவர் போட்டுவிடுவார், மூலை பிளக்கும். அடியில் டேப் மூன்று வரி. மரப் பலகைமேல் அடுக்கினால் பலகையில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வெப்பமூட்டியோ மருந்துப் புகையிட்டோ மரத்தில் பூச்சி நீக்கியதற்கான அடையாளம் அதுதான்.

இன்வாய்ஸில் மதிப்பைச் சுழியம் என்று எழுதாதீர்கள். அன்பளிப்பானாலும் சுங்கத்துக்கு ஒரு மதிப்பு வேண்டும். பழைய புத்தகத்துக்கு நியாயமான விலை போட்டு, "விற்பனைக்கல்ல" என்று சேர்த்து, பெட்டி எண்வாரியாக உள்ளடக்கப் பட்டியல் கொடுங்கள்.

பலரும் ஏமாறுவது கப்பல் கட்டணம் மலிவு என்று கேட்டதும்தான். கொழும்பில் இறக்குகூலி, டெலிவரி ஆர்டர் (சரக்கை விடுவிக்கும் கடிதம்), ஆவணக் கட்டணம் எல்லாம் தனி. கூட்டினால் கடல் கட்டணத்தையே தாண்டலாம். இரு முனைச் செலவையும் எழுத்தில் வாங்கிய பிறகே முன்பதிவு செய்யுங்கள்.

மலையேறும் லோரிக்குத் தார்ப்பாய் கட்டாயம்; மே முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. பள்ளியில் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, செங்கல்மேல் ஏற்றி வைக்கும்படி அதிபரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.