வளைவில் கால் எடுக்கும்போது

மார்ச் 2, சனி

இந்த மாதத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். ஹோண்டா சிவிக் டைப் ஆர், மஸ்டா எம்எக்ஸ்-5, டொயோட்டா ஜிஆர்86 ஆகிய மூன்றில் ஒன்று. மூன்றிலும் மேனுவல் கியர், மூன்றும் ஓட்டும் சுகத்துக்காகவே செய்த வண்டிகள். ஆனாலும் ஒவ்வொன்றும் போகும் வழி வேறு.

டைப் ஆரில் முன்சக்கர இயக்கம், 2.0 லிட்டர் டர்போ. நாட்டைப் பொறுத்து 315 முதல் 330 குதிரைத்திறன் வரை வருகிறது. எடை ஏறத்தாழ 1,430 கிலோ. எம்எக்ஸ்-5 பின்சக்கர இயக்கம். அதிலும் 2.0 லிட்டர்தான், ஆனால் டர்போ கிடையாது. 184 குதிரைத்திறன், துணிக்கூரை வண்டியின் எடை 1,100 கிலோவைத் தொடாது. ஜிஆர்86 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: 2.4 லிட்டர் பாக்ஸர் எஞ்சின் (பிஸ்டன்கள் படுத்தபடி எதிரெதிராக ஓடுவது), சுமார் 230 குதிரைத்திறன், 1,275 கிலோ.

மனம் இப்போதைக்கு டைப் ஆர் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2023-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தின் 20.832 கிலோமீட்டர் சுற்றை 7 நிமிடம் 44.881 விநாடியில் முடித்து, முன்சக்கர இயக்க வண்டிகளில் சாதனை படைத்தது அது. தடத்துக்கென்று செய்த டயர்களைப் போட்டு ஓட்டிய நேரம்தான், சரி. ஆனாலும் அந்த எண்ணை மறக்க முடியவில்லை.

மூன்றையும் ஒரே பயிற்சித் தடத்தில், ஒரே வளைவில் ஓட்டிப் பார்க்கப் போகிறேன். நேர்ப்பாதை முடிந்ததும் வரும் நீளமான இடது வளைவு அது. போகப் போக இறுகும். பாதி வளைவில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து கால் எடுத்தால் வண்டி என்ன செய்கிறது என்பதுதான் நான் பார்க்க வேண்டியது. வளைவு நினைத்ததைவிட இறுகினால் யாருடைய காலும் தானாக மேலே வந்துவிடும். அந்த நேரத்தில் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியாமல் அதை வாங்க எனக்கு விருப்பமில்லை.

மார்ச் 3, ஞாயிறு

டைப் ஆர்.

முதல் சுற்றிலேயே ஒன்று புரிந்தது. இந்த வண்டியில் வேகம் உடம்புக்குத் தெரிவதில்லை. அறுபதில் போகிறோம் என்று நினைத்து மீட்டரைப் பார்த்தேன், எண்பத்தைந்து.

முன்சக்கர இயக்கத்தில் முன் டயர்களுக்கு இரண்டு வேலை. வண்டியைத் திருப்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். ஒரு டயரிடம் இருக்கும் பிடிமானம் ஒரே ஒரு கையிருப்பு. இழுக்க அதிகம் செலவழித்தால் திருப்பக் கொஞ்சம்தான் மிஞ்சும். அதனால்தான் பலமான எஞ்சினை முன்சக்கரங்களோடு இணைத்தால் மூக்கு வெளியே தள்ளும், ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும். டைப் ஆரில் இதைக் குறைக்க இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, முன் சஸ்பென்ஷனில் சக்கரம் திரும்பும் அச்சை, அதிர்வைத் தணிக்கும் டேம்பரிலிருந்து பிரித்து வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். வளைவின் நடுவில் தைரியமாக ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அது வெளிச்சக்கரத்துக்கு அதிக விசையை அனுப்பி மூக்கை உள்ளே இழுக்கிறது. முதல் தடவை இது நடந்தபோது நம்பவே முடியவில்லை. வெளியே போகப் போகிறது என்று நினைத்த நொடியில் வண்டி உள்ளே வந்தது.

அப்புறம் கால் எடுத்துப் பார்த்தேன். மூக்கு சட்டென்று உள்ளே மடிந்தது, பின்பக்கம் லேசாக அசைந்து உட்கார்ந்தது. பயமே இல்லை. 265 மில்லிமீட்டர் அகல டயர்கள் நான்கும் இன்னும் பாதிகூட வேலை செய்யவில்லை என்று தோன்றியது. எல்லையை நான் தொடவே இல்லை. தொட வேண்டுமானால் இன்னும் எவ்வளவு வேகம் வேண்டும்? அந்த வேகத்தில் தவறு செய்தால் திருத்த எத்தனை நொடி இருக்கும்? இந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 9, சனி

எம்எக்ஸ்-5. ஏமாற்றம்.

இவ்வளவு பேர் கொண்டாடும் வண்டி. 1989-இல் முதல் தலைமுறை வந்ததிலிருந்து குதிரையும் வீரனும் ஒன்றாவதுபோல என்ற ஜப்பானியச் சொல்லை இதற்கு அடையாளமாகச் சொல்லி வருகிறார்கள். உட்கார்ந்த விதம், கியர் லீவரின் குட்டையான அசைவு, பெடல்களின் இடைவெளி எல்லாம் அந்தப் பேச்சுக்கு ஏற்றபடிதான் இருந்தன. வளைவுக்குள் போனதும் கதை மாறியது. பாதி வளைவில் தரையில் ஒரு சின்ன மேடு இருக்கிறது, தார் போட்ட இரண்டு பட்டைகள் சேரும் இடம். டைப் ஆர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. எம்எக்ஸ்-5-இன் பின்பக்கம் அதில் பட்டதும் ஒரு கை அகலத்துக்குக் குதித்து விலகியது. இரண்டாவது சுற்றிலும் அப்படியே. கால் எடுத்தபோது பின்பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் வழுக்க ஆரம்பித்தது.

இலகுவான வண்டி இப்படித்தான் இருக்கும்போல என்று குறித்துவைத்தேன். பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

மார்ச் 13, புதன்

ஓட்ட நேரமில்லை. மேஜையில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன்.

பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாயும் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சாயும்? வண்டியின் எடை, வேகம் குறையும் வீதம், ஈர்ப்பு மையத்தின் உயரம் மூன்றையும் பெருக்கி, முன் பின் அச்சுகளுக்கு இடையே உள்ள நீளத்தால் வகுத்தால் விடை வரும். ஜிஆர்86-இன் எடையை 1,275 கிலோ என்றும், ஈர்ப்பு மையத்தை 45 சென்டிமீட்டர் உயரத்தில் என்றும் வைத்துக்கொண்டேன். அச்சுகளுக்கு இடையே 2.575 மீட்டர். புவியீர்ப்பில் 0.8 பங்கு அளவுக்கு அழுத்திப் பிரேக் பிடித்தால் சுமார் 180 கிலோ பின்னாலிருந்து முன்னால் போகிறது. இரண்டு பெரிய ஆட்கள் பின்பக்கத்திலிருந்து எழுந்து பானெட்மேல் போய் உட்கார்ந்த மாதிரி.

வளைவில் கால் எடுப்பதும் இதேதான், அளவுதான் குறைவு. முன் டயர்கள் தரையில் அழுந்தும், திருப்பும் பலம் கூடும். பின் டயர்கள்மேல் பாரம் குறையும், பிடிமானம் தளரும். பின்பக்கம் வெளியே வரும் ஓவர்ஸ்டியர் இப்படித்தான் பிறக்கிறது. ஆக, கால் எடுப்பதை ஒரு தவறாக மட்டும் பார்க்கக் கூடாது. அது திருப்பும் கருவியும்கூட. பிரேக்கை வளைவுக்குள் கொண்டுபோய், ஸ்டீயரிங்கை ஒடிக்க ஒடிக்கக் காலை மெல்லத் தளர்த்தினால் எடை எந்த அளவில், எந்த நொடியில் பின்னால் திரும்ப வேண்டும் என்பதை நம் கால் விரலே தீர்மானிக்கிறது. பிரேக் பிடிக்கப் பழகிய அளவுக்கு விடப் பழகவில்லை நான்.

மார்ச் 16, சனி

ஜிஆர்86. மழை பெய்து ஓய்ந்திருந்தது. தடம் முழுக்க ஈரம்.

இதற்கு முந்தைய தலைமுறை வண்டியின் 2.0 லிட்டர் எஞ்சின் 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தருவது 6,400 ஆர்பிஎம் வாக்கில். நடுவில் ஒரு பள்ளம்போல இருக்கும். புதியது 250 நியூட்டன் மீட்டரை 3,700-இலேயே தந்துவிடுகிறது. அதனால் மூன்றாவது கியரில் வளைவுக்குள் இருக்கும்போதே வலது காலுக்கு வேலை இருக்கிறது.

பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வண்டி வழுக்காமல் தானே பிரேக் பிடித்துக் காக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை, கொஞ்சம் வழுக்க விடும் டிராக் மோடில் வைக்கச் சொன்னார். முதல் மூன்று சுற்று அழகாகப் போயிற்று. ஆக்ஸிலேட்டரை ஒரு விரல் அளவு கூட்டினால் பின்பக்கம் சற்றே வெளியே வந்து வண்டியின் கோணம் மாறுகிறது. குறைத்தால் கோடு இறுகுகிறது. ஸ்டீயரிங்கைத் தொடாமலே வளைவின் ஆரத்தை மாற்ற முடிந்தது. டைப் ஆரில் இது இல்லை.

நான்காவது சுற்றில் கொஞ்சம் வேகமாக நுழைந்தேன். வளைவு இறுகியதும் கால் முழுக்க மேலே வந்துவிட்டது. பின்பக்கம் கிளம்பியது. அது கிளம்பியதும் எனக்குத் தெரிந்தது, அதுதான் முக்கியம். முதலில் சீட்டுக்குக் கீழே இடுப்பில் ஒரு நகர்வு. அப்புறம் ஸ்டீயரிங் லேசாகிப்போனது. அதற்கும் அப்புறம்தான் கண்ணுக்கு முன்னால் பாதை பக்கவாட்டில் ஓட ஆரம்பித்தது. எதிர்ப்பக்கம் ஒடித்தேன், ஆனால் கண் வெளி ஓரத்துப் புல்லின் மேலேயே இருந்தது. வண்டி முழு வட்டம் சுற்றி நின்றது.

"கை சரியாத்தான் போச்சு சார். கண்ணுதான் புல்லுலயே நின்னுடுச்சு. எங்க போகணுமோ அங்க பாருங்க, கை தானா வரும்" என்றார்.

மறுபடி அதே வேகத்தில் போனேன். பின்பக்கம் கிளம்பியதும் தலையைத் திருப்பி வளைவின் முடிவைப் பார்த்தேன். கை தானாக வந்தது. வண்டி ஆடி, நேரானது.

இடுப்பில் முதல் நகர்வு தெரிந்ததற்கும் வண்டி கையை விட்டுப் போனதற்கும் இடையே ஒரு நொடிக்கும் குறைவான நேரம். ஆனால் அது போதுமானதாக இருந்தது. இந்த இடைவெளிக்குத்தான் நான் பணம் கொடுக்கப்போகிறேன் என்று இன்று தெளிவாகிவிட்டது.

மார்ச் 17, ஞாயிறு

காலையில் சும்மா ஒரு யோசனை. போன வாரத்து எம்எக்ஸ்-5-இன் டயரில் எவ்வளவு காற்று இருந்தது? ஓட்டுமுன் நான் பார்க்கவே இல்லை. வண்டியைக் கொடுத்தவரிடம் கேட்டேன். எல்லா வண்டிக்கும் ஒரே அளவுதான் அடிப்பார்களாம், 38 பிஎஸ்ஐ.

அந்த வண்டியின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ளது 29. அதுவும் டயர் குளிர்ந்திருக்கும்போது. ஓட ஓட டயர் சூடாகும், 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். நான் இரண்டாவது சுற்றுக்கு வந்தபோது நாற்பதைத் தாண்டியிருக்கும். 1,100 கிலோகூட இல்லாத வண்டிக்கு அவ்வளவு காற்று அடித்தால் டயர் பந்துபோல் விறைத்துவிடும். தரையோடு படும் பரப்பு சுருங்கும். மேட்டில் பட்டால் டயர் அமுங்காது, குதிக்கும். கால் எடுத்தபோது சொல்லாமல் வழுக்கியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

ஒன்பதாம் தேதி எழுதியதை அடித்துவிடவில்லை. ஒரு வண்டியை ஒன்பது பிஎஸ்ஐ காற்றை வைத்து ஒதுக்கப் பார்த்திருக்கிறேன். மற்ற இரண்டிலும் அளவு எவ்வளவு இருந்தது என்பதும் எனக்குத் தெரியாது.

மார்ச் 23, சனி

என் சொந்த அளவுமானியோடு போனேன். எம்எக்ஸ்-5-இன் நான்கு டயரும் குளிர்ந்த நிலையில் 29.

வேறு வண்டி.

வளைவுக்குள் நுழைந்ததும் உடல் சாய்கிறது, நிறையவே சாய்கிறது. படத்தில் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் அந்தச் சாய்வு மெல்ல, ஒரே சீராக வருகிறது. வெளி டயரில் எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது என்பதை உடம்பாலேயே படித்துக்கொள்ளலாம். மேட்டில் பட்டபோது பின்பக்கம் ஒரு தடவை மூச்சு வாங்கி இறங்கியது, விலகவில்லை. கால் எடுத்தேன். மூக்கு உள்ளே வந்தது, பின்பக்கம் மெதுவாகப் பின்தொடர்ந்தது. அந்த இடைவெளி மூன்று வண்டிகளிலும் இதில்தான் அதிகம். 2022 மாடலிலிருந்து வந்த எம்எக்ஸ்-5 வண்டிகளில் வளைவின்போது உட்பக்கப் பின்சக்கரத்தில் மட்டும் லேசாகப் பிரேக் பிடித்துப் பின்பக்கம் எழும்பாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. இதன் பின்பக்கம் இவ்வளவு அடங்கியிருந்ததில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

டைப் ஆரில் எண்பத்தைந்தில் கிடைக்காத செய்தி இதில் ஐம்பதில் கிடைத்தது.

மார்ச் 24, ஞாயிறு

ஜிஆர்86, டைப் ஆர் இரண்டையும் அவற்றின் கதவுச் சீட்டில் உள்ள காற்று அளவில் மறுபடி ஓட்டினேன். டைப் ஆர் பற்றிய எண்ணம் மாறவில்லை. மூன்றில் திறமையான வண்டி அதுதான், வேகமாகப் போக வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஜிஆர்86 காய்ந்த தடத்தில் மழைநாளைவிடக் கொஞ்சம் இறுக்கம். ஆனால் அதே வரிசையில் பேசியது: இடுப்பு, ஸ்டீயரிங், கண்.

மார்ச் 30, சனி

ஒரு வாரமாக எம்எக்ஸ்-5-ஆ, ஜிஆர்86-ஆ என்று மனம் ஆடிக்கொண்டிருந்தது. டைப் ஆர் போன ஞாயிறே விலகிவிட்டது.

ஓட்டும் சுகம் என்று ஒரே வரியில் கேட்டால் எம்எக்ஸ்-5 என்பேன், இப்போதும். ஆனால் மாதம் ஒருநாள் பயிற்சித் தடத்துக்குப் போவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஹெல்மெட் போட்டு அந்தத் துணிக்கூரைக்குக் கீழே உட்கார்ந்தால் என் தலை கூரையைத் தொடுகிறது, கழுத்தை மடக்கித்தான் ஓட்ட வேண்டும். கழுத்து மடங்கினால் பார்வை கிட்டத்திலேயே நிற்கும். பதினாறாம் தேதி எனக்கு வண்டி சுற்றியது கண்ணால்தானே. ஜிஆர்86-இல் ஹெல்மெட்டுக்கு மேலே மூன்று விரல் இடம் இருந்தது. பின்சீட்டை மடித்தால் நான்கு டயர்களை உள்ளே அடுக்கலாம். தடத்துக்கு ஒரு செட், வீட்டுக்குத் திரும்ப ஒரு செட் என்று மாற்றிக்கொள்ள வசதி.

17 அங்குல சக்கரம், 215 அகலம் உள்ள சாதாரண டயர்கள்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். 18 அங்குலச் சக்கரத்தில் வரும் டயருக்குப் பிடிமானம் அதிகம், சுற்று நேரம் குறையும். எனக்கு இப்போதைக்கு எல்லை தாழ்வாக இருக்கட்டும், தொட்டுத் தொட்டுப் பழக வேண்டும்.

வண்டி வர இன்னும் ஐந்து வாரம். அளவுமானியைத் துடைத்து அதன் உறைக்குள் வைத்திருக்கிறேன்.